நகத்துக்கு ஒரு கரை, பல்லுக்கு ஒரு கரை

பக்கத்து வீட்டுப் பெண் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். சிப்பி பொறுக்க எந்தக் கரை நல்ல கரை என்று செல்போனில் தேடிக்கொண்டிருந்தவள், பேச்சுவாக்கில் என்னிடமும் கேட்டு வைத்தாள். "எதுக்கு வேணும், நகத்துக்கா பல்லுக்கா?" என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன். கேட்டிருந்தால் அந்தப் பெண் அதற்குப்பிறகு எங்கள் வீட்டுக்குத் தயிர் உறைக்குக்கூட வந்திருக்க மாட்டாள்.

அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. என் மதினியுடையது, அதாவது என் அண்ணன் மனைவியுடையது. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை பார்த்தாள். இப்போது ஊரில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ எஸ்டேட் லயத்தில் பார்த்ததாக ஜீப்புக்காரர்கள் சொல்கிறார்கள். அவள் இருந்த வாடகை வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போடிக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மேற்கே மலை, கிழக்கே வயல். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தப் பக்கம் போனாலும் பஸ்சில் உட்கார்ந்து இடுப்பு கழன்றுவிடும். ஆனால் எந்தக் கரையில் எந்தச் சிப்பி ஒதுங்கும் என்பதை மதினி வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள்.

"நகம் வேணும்னா உவரி. பல்லுக்கு தனுஷ்கோடி. காது மணப்பாட்டுப் பாறையில கெடைக்கும். வெரலுக்கு வேம்பாரு. அமாவாசைக்கு மறுநா தண்ணி வத்துற நேரத்துல போகணும் புள்ள. வெயிலேறிப் போனா ஒடஞ்சதுதான் மிஞ்சும்."

இதெல்லாம் அவளாக வைத்த பெயர்கள். மெல்லிசாக, லேசான சிவப்பில், தட்டையாக இருப்பது நகம். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைச் சோழி பல். திருகாணி மாதிரி நீண்டு கூர்வது விரல். பாறையில் தொப்பி கவிழ்த்ததுபோல் ஒட்டிக்கிடப்பது முழங்கால் சில்லு. கறிக்கடைக்காரன் கறிக்குப் பெயர் வைத்த மாதிரி என்று நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்க மாட்டாள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எதுவானாலும் முழுசாக இருக்க வேண்டும். ஏலக்காய்க் கடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் கொட்டிய காயைப் பிரிப்பார்கள். உருண்டு திரண்ட பச்சைக் காய் ஒரு பக்கம், வாய் பிளந்ததும் வெளுத்ததும் ஒரு பக்கம். மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வார்கள். மதினியின் முறத்தில் மட்டும் பிளந்த காய் ஒன்றுகூடத் தவறி நல்ல பக்கம் விழாது. வீட்டிலும் அதே கூத்துதான். உடைந்த அப்பளத்தை இலையில் வைக்க மாட்டாள். டிவி நாடகம் பாதியில் கரண்ட் போய்விட்டால் மறுநாள் வரைக்கும் முகம் தொங்கியே இருக்கும். அண்ணன் அவளைச் சீண்டுவதற்கென்றே முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு டப்பாவுக்குள் திரும்ப வைப்பான்.

அண்ணன் ஜீப்பு ஓட்டினான். விடிவதற்கு முன்னால் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கணவாயான மெட்டுக்கு மேலே எஸ்டேட்டுகளில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிவருவான். ஒரு தடவை ஜாக்கி நழுவி இடது சுண்டுவிரல் நகம் பாதி போய்விட்டது. அதற்கு முன்பே முன்பல்லில் ஒன்று மூளியாக இருந்தது. "அரை நகம், முக்காப் பல்லு. இந்த ஆளத்தான் முழுசா வேணும்னு கட்டிக்கிட்டு வந்திருக்கா" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் அவளைக் கிண்டல் செய்வான். மதினி வெட்கப்பட்டு அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஒரு வைகாசியில் அண்ணனும் கூட்டாளிகளும் திருச்செந்தூர் போனார்கள். சாமி கும்பிட்டுவிட்டு வருகிற வழியில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு கரையில் வண்டியை நிறுத்திக் குளிக்க இறங்கியிருக்கிறார்கள். கொட்டகுடி ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் முங்கிப் பழகியவன் அவன். அலை வரும்போதைவிடத் திரும்பிப் போகும்போதுதான் இழுக்கும் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. மீன்பிடிக்கிறவர்கள் படகெடுத்துத் தேடினார்கள். நாங்கள் போய்க் கரையிலேயே விழுந்து கிடந்தோம். அவன் மடித்து வைத்த சட்டை கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காத சாவுக்கு எங்கள் வகையில் ஒரு வழி உண்டு. தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி கட்டி, செத்தவர் பெயரைச் சொல்லி, கொள்ளி வைத்துக் காரியத்தை முடிப்பார்கள். அம்மா அதற்குத்தான் அழுதாள்.

"எம்புள்ள எந்தத் தண்ணியில அலையுறானோ. புல்லுலயாச்சும் ஒரு ஆளக் கட்டி எரிச்சு விடுங்கப்பா. அவன் போய்ச் சேரட்டும்."

மதினி சம்மதிக்கவில்லை. கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "புல்லெல்லாம் அவுக ஆக மாட்டாக அத்தே. ஆளு முழுசா கெடைக்கட்டும். நானே கூப்புட்டு விடுறேன்."

"கெடைக்கலைன்னா என்னடி செய்வ?"

"கடலு எதையும் வச்சுக்கிறாது. கொஞ்சங் கொஞ்சமாத் தரும்."

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டோம். காரியம் நின்றுபோனது. மதினி தாலியோடும் பொட்டோடும் ஏலக்காய்க் கடைக்குப் போய்வந்தாள். அம்மா கோபித்துக்கொண்டு சிலமலைக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவாள். ஈரத்துணியோடு யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்பாள். ஒருநாள் வாசற்படியைத் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சு போயிருக்கே" என்று அழுதாள். அவளுக்கு ஒரு நிம்மதி வர வேண்டுமென்றால் மதினி மனது வைக்க வேண்டும். மதினியோ சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் வேன் வைத்திருக்கிறார். ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று மாதம் ஒரு லோடு ஆட்களை ஏற்றிப் போவார். மதினிக்கு அவர் அண்ணன் முறை. கடைசி சீட்டு காலியாக இருந்தால், "தங்கச்சி வருதா கேளு" என்பார். துணைக்கு நானும் போவேன். எல்லோரும் கோயிலுக்குப் போகும்போது நாங்கள் இரண்டு பேரும் கரைக்கு இறங்குவோம்.

அவள் ஒரு தடவைகூடக் கடலைப் பார்த்து நான் பார்த்ததில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள். அலை ஏறி இறங்கிய கோட்டில் சருகும் பாசியும் ஒதுங்கிக் கிடக்குமல்லவா, அந்தக் கோட்டின் மேலேயே குனிந்தபடி நடப்பாள். கடையிலிருந்து கழித்துப் போட்ட ஏலக்காய்ச் சல்லடை ஒன்றைக் கொண்டுவருவாள். மணலை அள்ளிப் போட்டுச் சலிப்பாள். தங்கியதைக் கையில் எடுத்து, விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். காதோரம் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்பாள்.

"ஆளிருக்கா?"

கொஞ்சம் பொறுப்பாள். சத்தம் ஒன்றும் இல்லையென்றால் முந்தானையில் போட்டுக்கொள்வாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் தடவை போனபோது உயிருள்ள சங்குப்பூச்சிகளையும் சேர்த்து அள்ளிவந்துவிட்டாள். மலைப்பக்கத்து ஆட்களுக்கு என்ன தெரியும்? காய வைக்க இடமில்லாமல் கடையின் பின்கட்டில் ஏலக்காய் மூடைக்குப் பக்கத்தில் பரப்பி வைத்தாள். ஏலக்காய் பொல்லாதது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். உள்ளே இருந்த பூச்சிகள் செத்து நாறியதும் இரண்டு மூடைக் காயும் பிண வாடை அடித்தது. கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டார். மதினிக்கு வேலை போகாமல் இருந்ததே பெரிது. என்னைப் பயமுறுத்தியது வேறு. அன்றைக்குச் சாயங்காலம் அவள் அந்தக் காயில் ஒரு கை எடுத்து முகர்ந்து பார்த்தாள். முகர்ந்துவிட்டு, "அவுக மேலயும் இப்பிடித்தான் இருந்திருக்கும்ல" என்றாள்.

கடையில் காய் வரத்து இல்லாத நாட்களில் மலைக்குக் காய் எடுக்கப் போவாள். நானும் ஒருநாள் கூடப் போனேன். மெட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தினார்கள். கீழே போடி, ராசிங்காபுரம், தேவாரம் எதுவுமே இல்லை. பனிமஞ்சு வந்து பள்ளத்தை அப்படியே மூடியிருந்தது. வெள்ளை வெள்ளையாகப் புரண்டு வந்து பாறையில் மோதித் திரும்பியது. எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். மதினி ஜீப்பின் அந்தப் பக்கமாகப் போய், மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"என்ன மதினி, அங்கிட்டு என்ன பாக்குறீக?"

"அது இங்கயும் வந்து நிக்குது புள்ள. இன்னும் தர வேண்டியது இருக்குல்ல, அதான்."

நான் மஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். வெறும் மஞ்சுதான். ஆனால் ஜீப்பு கிளம்புகிற வரைக்கும் நானும் அதற்கு முதுகைக் காட்டித்தான் நின்றேன்.

மணப்பாட்டில் சிப்பி மாலை விற்கிற ஒரு அம்மா, மதினி குனிந்து பொறுக்குவதை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "நானும் பிறந்ததுலேர்ந்து பாக்கேன், எல்லாரும் அழகானத எடுப்பாவ. இவுக அளந்துல்லா எடுக்காவ" என்றாள். உண்மைதான். மதினி ஒவ்வொரு சிப்பியையும் தன் கையில், காதில், முட்டியில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தாள். தன் அளவுக்குப் பொருந்தினால் வேண்டாமென்று போட்டுவிட்டாள். அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் முந்தானைக்குப் போனது. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியாகப் போனது உவரிக்கு. அதற்கு முன்னால் அங்கே எத்தனையோ நகம் பொறுக்கியிருந்தாள். அன்றைக்கு எதையும் எடுக்கவில்லை. சலித்துச் சலித்துக் கொட்டிக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறிவிட்டது. கோயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர், "தங்கச்சி, வெரசா வா, சோலி கெடக்கு" என்று சத்தம் கொடுத்தார். அப்போதுதான் அவள் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். சின்ன நகம். பாதிதான் இருந்தது. குறுக்கே கோணலாக உடைந்திருந்தது.

"என்ன மதினி, இது ஒடஞ்சதுல்ல? ஒங்களுக்குத்தான் முழுசா வேணுமே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் போனபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இதான் புள்ள முழுசு" என்றாள்.

மறுநாள் காலையில் சிலமலைக்குப் போன் வந்தது. மதினிதான். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். "அத்தே, வந்துட்டாக. வந்து பாருங்க." அம்மா போனைக் கீழே போட்டுவிட்டாள். போலீசில் இருந்து ஏதோ தகவல் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். நானும் அம்மாவும் அடுத்த பஸ்சுக்கே போடிக்குப் போனோம்.

மதினி தலைக்குக் குளித்து, வாசல் தெளித்து வைத்திருந்தாள். உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். அண்ணன் போனதிலிருந்து அந்த அறை பூட்டியே கிடந்தது. கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசமும் உப்பு வாசமும் சேர்ந்து வந்தன. ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. தரையில் அண்ணனுடைய கோரைப்பாய். பாயில் என் அண்ணன் மல்லாந்து படுத்திருந்தான்.

உச்சியிலிருந்து கால் வரைக்கும் சிப்பி. நெற்றிக்கு அகலச் சிப்பி. இரண்டு பக்கமும் பாறையில் கிடைத்த காது. மூடிய இமைக்குச் சோழி. உதட்டுக்கு நடுவில் வரிசையாகப் பல். அதில் ஒன்று மூளி. நாட்டு மருந்துக்கடையில் கடல் நுரை என்று விற்கிற வெள்ளை ஓடுகளால் மார்பு. விலாவுக்கு வரிவரியாகச் சிப்பி. கீழே முழங்கால் சில்லு இரண்டு. விரல் விரலாகத் திருகுச் சிப்பி, ஒவ்வொரு நுனியிலும் ஒரு நகம். இடது சுண்டுவிரல் நுனியில் நேற்றுக் கிடைத்த பாதி.

எனக்கு ஓடிப்போய்விடலாம் என்றுதான் இருந்தது. அம்மா ஓடவில்லை. மெதுவாகக் கால்மாட்டில் உட்கார்ந்தாள். இடது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் மேல் கையை வைத்தாள்.

"இப்பிடித்தான்டி சாச்சுப் படுப்பான்" என்றாள்.

"முழுசா இருக்காகளா பாருங்க அத்தே. எதும் கொறையுதா?"

அம்மா தலைமுதல் கால்வரை பார்த்தாள். "கொறையலத்தா" என்றாள். அவ்வளவு நாளும் பாதியில் நின்ற அழுகை அப்போதுதான் அம்மாவுக்கு முழுசாக வந்தது.

மதினி தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்பியாகத் தட்ட ஆரம்பித்தாள். கரையில் செய்வதுபோலவே இரண்டு தட்டு. குனிந்து காது வைப்பாள். "ஆளிருக்கா?" பொறுப்பாள். அடுத்ததற்குப் போவாள். நெற்றி, காது, தோள், கை. அறையில் அந்த டொக் டொக் சத்தம் தவிர வேறு இல்லை. மார்புக்கு வந்ததும் நிறுத்தினாள். தட்டிவிட்டுக் காதை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். வெயில் பாயிலிருந்து சுவருக்கு நகர்ந்துவிட்டது. நிமிர்ந்தபோது அவள் கன்னத்தில் ஓட்டின் வரி பதிந்திருந்தது.

"யாரும் இல்ல அத்தே" என்றாள். "எடுத்துருவோம்."

சொல்லிவிட்டுத் தாலியை அவளே கழற்றி அம்மாவின் மடியில் வைத்தாள்.

பாயோடு சுருட்டிப் பாடையில் வைத்து எடுத்துப் போனார்கள். புல்லுக்குப் பதிலாகச் சிப்பி என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். விறகும் எருமுட்டையும் அடுக்கி, வைக்கோல் மூடி, மேலே களிமண் மெழுகி மூட்டம் போட்டதாகச் சொன்னார்கள். எங்கள் வகையில் பெண்கள் அன்றைக்குச் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மறுநாள் பால் ஊற்றத்தான் போவோம்.

மறுநாள் போனபோது மூட்டம் உடைந்து கிடந்தது. நடுவில் சிப்பிகள் சுத்த வெள்ளையாக, உருக்குலையாமல் அப்படியே இருந்தன. தொட்டுப் பார்த்தார்கள், ஆறியிருந்தது. அம்மா முதலில் பாலை ஊற்றினாள். மார்புப் பக்கம்தான் ஊற்றினாள்.

ஒரு மூச்சு கேட்டது.

உஸ் என்று நீளமாக, உள்ளே அடக்கி வைத்திருந்ததை விட்டதுபோல. வெள்ளையாக ஆவி கிளம்பியது. மார்பு மேலேறி, விரிந்து, பொலபொலவென்று உதிர்ந்தது. ஆறிக்கிடந்த இடம் கொதித்தது. நாங்கள் அலறிப் பின்னால் விழுந்தோம். சுடுகாட்டுக்காரர்தான் ஓடிவந்து அம்மாவைப் பிடித்தார்.

"பயப்படாதீக ஆத்தா. சிப்பி வெந்தா சுண்ணாம்புல்ல? மூட்டம் போட்டது சூளை வச்ச மாதிரி ஆயிப்போச்சு. பாலு பட்டா கொதிக்கத்தான் செய்யும்."

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பு என்பது எங்களுக்குத் தெரியாததா? தெரிந்ததுதான். ஆனால் அது அண்ணன் என்று ஆனபிறகு எங்களில் ஒருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. மதினி மட்டும் நகரவே இல்லை. ஆவிக்குள் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அடங்கியதும் புதுப்பானையில் தன் கையாலேயே அள்ளி நிரப்பினாள். உள்ளங்கை வெந்துபோனது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

அம்மா அதற்குப்பிறகு வாசலுக்கு எழுந்து போகவில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டாள். பானையை ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கரைத்துவிட்டால் முடிந்தது என்றாள். வேன் கிளம்புகிற நாளைச் சொல்லிவிட்டு வரலாம் என்று நான் போடிக்குப் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண் கூசியது. உள்ளறைக் கதவு விரியத் திறந்திருந்தது. நாலு சுவரும் பளீரென்று வெள்ளை.

"என்ன மதினி, வெள்ளையடிச்சிருக்கீக?"

"வீட்டுலயே சுண்ணாம்பு இருந்துச்சுல்ல" என்றாள். புதுப்பானை அடுப்பங்கரையில் கழுவிக் கவிழ்த்திருந்தது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அம்மா ராமேஸ்வரத்துக்கு..." என்று இழுத்தேன்.

"கடல்ல கரைச்சா அது திரும்ப எடுத்துக்கிரும். மறுபடி மொதல்லருந்து நான் பொறுக்கணும் புள்ள. இனிமே ஏலாது." காபியை என் கையில் கொடுத்தாள். "ஏன் நிக்கிற? சாஞ்சு ஒக்காரு. அவுகதான்."

நான் அறையின் நட்டநடுவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன். சுவர் என் மேல் படவே இல்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன்.

சிலமலையில் பஸ்சை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன், பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

"தோள்பட்டையில என்னடி வெள்ளையா, கை வச்ச மாதிரி?"

முந்தானையால் துடைக்க வந்தாள். "தொடைக்காதம்மா" என்றேன். "மதினி வீட்டுச் சுவத்துச் சுண்ணாம்பு. பானையில இருந்தத அவுக சுவத்துக்கு அடிச்சுட்டாக."

அம்மா துடைக்க வந்த கையை அந்த வெள்ளையின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.